பிரகாசி எழுதாமல் விட்ட வரி

தாழைத்துறையில காத்து எந்தப் பக்கமிருந்து அடிச்சாலும் மீன் வாடைதான் வரும். ஆனா ஒரு ஆடி மாசம் முழுக்க எங்க ஏலக்கூடத்து வாசல்ல கிராம்பு வாடை வந்துச்சு, அதைத்தான் சொல்லப்போறேன், கேக்கிறவங்க கேளுங்க, நம்பாதவங்க எந்திரிச்சுப் போய் அவங்கவங்க சோலியைப் பாருங்க, நான் மீன் விக்கிறவ, யாரையும் கெஞ்சி எனக்குப் பழக்கமில்லை.

என் பேரு செசிலி. எனக்கு ஒரே தம்பி, சூசைமிக்கேல். கடைவாய்ப் பல்லுல எந்நேரமும் வலி அவனுக்கு, அதனால எந்நேரமும் கன்னத்துல ஒரு கிராம்பு கிடக்கும். முந்தின கார்த்திகையில அஞ்சு பேரா ஒரு வள்ளத்துல போனாங்க, மூணு நாள் புயல் அடிச்சுச்சு, நாலாம் நாள் கடல் நாலு பேரைக் கொண்டுவந்து கரையில போட்டுச்சு, என் தம்பியை மட்டும் போடல. அந்த நாலு பேருக்கும் கல்லறை ஆச்சு, முப்பதாம் நாள் பூசை ஆச்சு. என் தம்பிக்கு ஒண்ணும் ஆகல. கோயில் குடும்பப் பதிவேட்டுல அவன் பேருக்கு நேரா இறந்த தேதிங்கிற கட்டம் காலியா இருந்துச்சு, தேதி இல்லாம பூசை வைக்க முடியாதுன்னு சாமியார் சொல்லிட்டாரு, அவன் பெண்டாட்டி பிரகாசியும் தேதி கொடுக்கல, கொடுக்க நான் விடவுமில்லை. எழுதினா செத்தான்னு அர்த்தம், எழுதலேன்னா வருவான்னு அர்த்தம். இதுல யோசிக்க என்ன இருக்கு.

அந்த நேரத்துலதான் ஒரு தொண்டு நிறுவனம் வந்து ஏலக்கூடத்து மாடியில ஏழு கம்ப்யூட்டரை வச்சு, பேரு, கணக்கெல்லாம் சேத்து வைக்கிற டேட்டாபேஸைப் பொம்பளைங்களுக்கு இலவசமா சொல்லித்தரோம், கத்துக்கிட்டா மீன் கம்பெனியில ஏசி ரூம்ல உக்காந்து வேலை பாக்கலாம்னு ஆசை காட்டுச்சு. எட்டுப் பேர் சேந்தோம். பிரகாசி தனியாப் போகமாட்டேன்னா, அதனால நானும் போனேன். மவுஸைப் பிடிக்கச் சொன்னா நாங்க நண்டைப் பிடிக்கிற மாதிரி பின்னாலேருந்து பிடிச்சோம், அம்புக்குறி மேல போறதுக்குக் கையைத் தூக்கினோம், சொல்லித்தர வந்த லோசனி மிஸ்ஸுக்கு சிரிக்கவா அழவான்னு தெரியல. காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளை அது, இருபத்திமூணு வயசு இருக்கும், மீன் வாடைக்குத் தலைவலி வந்து நெத்தியில தைலம் தேச்சுக்கிட்டே பாடம் எடுக்கும்.

புத்தகத்துல இருந்த கணக்கெல்லாம் எங்க மண்டையில ஏறலேன்னதும் அது ஒரு யோசனை பண்ணுச்சு. உங்களுக்குத் தெரிஞ்ச பேரை வச்சே படிங்கக்கான்னு, சாமியார்கிட்ட குடும்பப் பதிவேட்டை வாங்கி, ரெண்டு நாள் உக்காந்து அறுநூத்திப் பன்னிரண்டு பேரையும் கம்ப்யூட்டர்ல ஏத்துச்சு. மூணே கட்டம், பேரு, வீட்டு நம்பர், இறந்த தேதி. செத்தவங்க பேரை வருஷக் கடைசியில வேற புத்தகத்துக்கு மாத்திடுறது எங்க கோயில் வழக்கம், அதனால இதுல இருந்த எல்லாருக்கும் மூணாவது கட்டம் காலி. அந்த அட்டவணைக்கு மிஸ் வச்ச பேரு 'ஊர்'.

முத நாள் பாடம் ஒரே வரிதான். செலக்ட்னா எடு, ஸ்டார்னா எல்லாம், ஃப்ரம் ஊர்னா ஊர்லேருந்து. மிஸ் அதை அடிச்சுத் தட்டுச்சு. தட்டின கையோட ஊர் மொத்தமும் வந்து ஏலக்கூடத்து வாசல் மணல்ல வரிசையா நின்னுச்சு. மாடியில இருந்த நாங்க எட்டுப் பேர் எப்போ படி இறங்கினோம்னு எங்களுக்கே தெரியல, நாங்களும் நிக்கிறோம். பாதி சவரம் பண்ணின மூஞ்சியோட ஒருத்தர், தலையில சோப்பு நுரையோட ஒரு பொம்பளை, இடுப்புல ரெண்டு மாசப் பிள்ளையோட ஜெனோபா, கையில வடிகட்டியோட டீக்கடை தொபியாஸ், எல்லாரும் வெயில்ல கண்ணைச் சுருக்கிக்கிட்டு, முன்னால நிக்கிறவன் முதுகைப் பாத்துக்கிட்டு, எதுக்கு நிக்கிறோம்னு ஒரு வார்த்தை கேக்காம நின்னாங்க. மிஸ் சன்னல் வழியா எட்டிப் பாத்துச்சு, நெத்தித் தைலத்தைத் துடைச்சுச்சு, இத்தனை பேர் போதும்னு லிமிட் போட மறந்துட்டேன்னு சொல்லிட்டு, திரையை அழிச்சுது. நாங்க கலைஞ்சு வீட்டுக்குப் போனோம். நிறைய வீட்டுல அன்னைக்குச் சோறு அடிப்பிடிச்சிருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு ஊர்க்கூட்டம் போட்டாங்க. எப்படி நடக்குதுன்னு ஒருத்தரும் கேக்கல, எத்தனை மணிக்கு நடக்கும்னுதான் கேட்டாங்க. ஏலம் முடியுற வரைக்கும் யாரையும் எடுக்கக் கூடாது, ரெண்டு மணிக்கு மேலதான் பாடம், ஸ்டார் போட்டு மொத்த ஊரையும் எடுக்கிறது ஞாயித்துக்கிழமை மட்டும், மத்த நாள்ல லிமிட் அஞ்சுக்கு மேல போகக்கூடாதுன்னு முடிவாச்சு. பொம்பளைங்க ரெண்டு மணிக்கு முன்னால குளிச்சு முடிச்சாங்க. தொபியாஸ் டீக்கடையைத் தூக்கிட்டு வந்து ஏலக்கூடத்து வாசல்லயே போட்டுக்கிட்டான். ஒரு ஞாயித்துக்கிழமை ஆர்டர் பைன்னு ஒரு பாடம் வந்துச்சு, பேர் வரிசைப்படி நிக்கவைக்கிறது, அன்னைக்கு ஒரே சண்டை, அந்தோணிங்கிற பேருக்காரனெல்லாம் எப்பவும் முன்னால நிழல்ல நிக்க, வியாகுலம் கடைசியில குப்பைமேட்டுல நின்னாரு. ஒம்பது வருஷமாப் பேசாத அண்ணந்தம்பி, சவரியாரும் சவரிமுத்துவும், வாரம் தவறாம பக்கத்துல பக்கத்துல நிக்கவேண்டியதாப் போய், மூணாம் வாரம் ஒருத்தன் இன்னொருத்தன்கிட்ட தீப்பெட்டி கேட்டான். ஊர் எதையும் பழகிக்கிடும். நாங்க இதையும் பழகிட்டோம்.

அந்த ஆர்டர் பை அன்னைக்குத்தான் நான் அதைப் பாத்தேன். சூசைநாதனுக்கும் சூசைராஜுக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கிற அளவுக்கு இடம் விட்டிருந்துச்சு. நெருக்கி நில்லுங்கடான்னேன். முடியலக்கான்னான் சூசைராஜ், காலை அந்தப் பக்கம் எடுத்துவைக்கவே வரமாட்டேங்குதுன்னான். குனிஞ்சு பாத்தேன். சுத்தி மணல் காஞ்சு கிடக்கு, அந்த ஒரு இடம் மட்டும் ஈரம். கிட்ட மூக்கைக் கொண்டுபோனேன், டீசலும் கடல் தண்ணியும் கலந்த வாடைக்கு நடுவுல கிராம்பு வாடை. நான் திரும்பிப் பாக்கிறதுக்குள்ள பிரகாசி என் பக்கத்துல வந்து நின்னா. அவளுக்கும் தெரிஞ்சுபோச்சு.

மறுநாள் மிஸ் வெயர் பாடம் எடுத்துச்சு. வெயர் போட்டா எல்லாரையும் எடுக்காம, நமக்கு வேண்டிய ஆளை மட்டும் எடுக்கலாம், இன்ன பேரு, இன்ன வீடுன்னு சொல்லணும். வெயர் இல்லேன்னா மிஷின் எல்லாரையும்னு எடுத்துக்கும்னு மிஸ் ரெண்டு தடவை சொல்லுச்சு, பிரகாசி சன்னல் வழியா மணலைப் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் என் முழங்கையைத் தொட்டா.

"மதினி, அவுக பேரை நீங்க அடிங்க."

எங்க பக்கம் பெண்டாட்டி வாயால புருஷன் பேரைச் சொல்லமாட்டா, சொன்னா அவன் ஆயுசு குறையும்னு நம்பிக்கை, எழுதுறதும் சொல்றதும் எங்களுக்கு ஒண்ணுதான். பிரகாசி பதிமூணு வருஷத்துல ஒரு தடவை சொன்னதில்லை. அவுகன்னு சொன்னா ஊருக்கே யாருன்னு தெரியும், பின்னே பேரு எதுக்கு. அதனால நான் அடிச்சேன், செலக்ட் ஸ்டார் ஃப்ரம் ஊர் வெயர் பேரு சூசைமிக்கேல். திரையில ஒரே ஒரு வரி. கீழ மணல்ல ஒரே ஒரு ஈரம்.

அன்னையிலேருந்து தினம் ரெண்டரை மணிக்கு நான் அடிப்பேன், அவ கீழ இறங்கிப்போய் அந்த ஈரத்துக்குப் பக்கத்துல நிப்பா. வீட்டு ஓடு ஒழுகுற கதை, பதினோரு வயசு மக ஆன்சி ஆறாம் வகுப்புல கணக்குல கோட்டை விட்ட கதை, எல்லாம் சொல்லுவா. ஊரும் அந்த இடத்தைச் சுத்தி நடந்து போகப் பழகிருச்சு. தொபியாஸ் ஒரு டீயைப் போட்டு அது பக்கத்துல வச்சுட்டு, ஆறினதும் எடுத்துக் கொட்டுவான். நாய்கூட அதுக்குள்ள காலை வைக்கல. எனக்கு அப்ப இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஈரம் வருதுன்னா ஆள் இருக்கான், ஆள் இருந்தா வருவான், அம்புட்டுத்தான் என் கணக்கு.

ஒரு நாள் காலிக் கட்டத்தைப் பத்திப் பாடம். காலின்னா சைபர் இல்லைக்கா, காலின்னா தெரியாதுன்னு அர்த்தம்னு மிஸ் சொல்லுச்சு. வாயே திறக்காத பிரகாசி அன்னைக்கு எந்திரிச்சா.

"மிஸ், உயிரோட இருக்கிற எங்க எல்லாருக்கும் அந்தக் கட்டம் காலி. அவுகளுக்கும் காலி. அப்ப அவுகளும் நாங்களும் ஒண்ணுதானே?"

"இல்லக்கா. ரெண்டு காலிக் கட்டத்தைப் பக்கத்துல வச்சு, ரெண்டும் சமமான்னு கேட்டா மிஷின் ஆமான்னு சொல்லாது. இல்லைன்னும் சொல்லாது. தெரியாதுன்னுதான் சொல்லும்."

"எப்பக் கேட்டாலுமா?"

"எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான்க்கா," மிஸ் சொல்லுச்சு. பிரகாசி உக்காந்துட்டா.

அதுக்கப்புறம் ஆடிக் காத்து பிடிச்சுச்சு. ஈரம் குழியாச்சு, குழியில தண்ணி நின்னுச்சு, குதிகால் அளவு, அப்புறம் கணுக்கால் அளவு, கையை விட்டா ஐஸ் பெட்டியில விட்ட மாதிரி விறைக்கும். காத்தே இல்லாத நேரத்துலயும் அந்தத் தண்ணி கிடுகிடுன்னு நடுங்கிக்கிட்டே இருக்கும். ஒரு நாள் பிரகாசி மேல வந்து என்கிட்ட மெதுவாச் சொன்னா.

"மதினி, அவுக நின்னு நின்னு களைச்சிட்டாக. உக்காரவும் முடியல, வரவும் முடியல, போகவும் முடியல. தேதி எழுதிருவோம்."

"என் தம்பியைக் கொல்லவா கம்ப்யூட்டர் படிக்க வந்த நீ?"

"குளிருது மதினி அவுகளுக்கு."

"குளிருதுன்னா உயிர் இருக்குன்னு அர்த்தம். என் கையால அந்தப் பேரை அதுக்கு அடிக்கமாட்டேன். முடிஞ்சா நீ அடி, உன் புருஷன் பேருதானே."

அவளால முடியாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன். அவ்வளவு குரூரமா என் வாயிலேருந்து வந்துச்சு, இப்ப நினைச்சாலும் வாயிலேயே அடிச்சுக்கத் தோணுது. வீட்டு நம்பரைப் போட்டு எழுதலாமான்னு அவ மிஸ்ஸைக் கேட்டிருக்கா. நாப்பத்தேழாம் நம்பர்ல நீங்களும் ஆன்சியும் இருக்கீங்களேக்கா, மூணு பேருக்கும் தேதி விழுந்துருமேன்னு மிஸ் சொல்லியிருக்கு. அப்போ பேரைத் தவிர வேற வழியில்லை.

அப்டேட் பாடம் ஒரு வியாழக்கிழமை. இருக்கிறதை மாத்தி எழுதுறது. எழுதினது உடனே நிலைச்சுராது, கமிட்னு அடிச்சாத்தான் நிலைக்கும், அதுக்கு முன்னால ரோல்பேக்னு அடிச்சா எல்லாம் பழையபடி ஆயிரும்னு மிஸ் சொல்லுச்சு. வழக்கம்போல ரெண்டரைக்கு நான் தம்பி பேரை அடிச்சு அவனை எடுத்தேன், எடுத்துட்டு, பிரகாசி மூஞ்சியைப் பாக்கப் பிடிக்காம நானே கீழ போய் அவன் பக்கத்துல நின்னேன். மேல அவ முன்னால திரையில அவன் வரி ஒண்ணு மட்டும் நின்னுச்சு. மிஷினுக்கும் யாருன்னு தெரியும், அவுகளைப் பத்தித்தானே இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தோம், பின்னே பேரு எதுக்குன்னு அவ நினைச்சுட்டா. அப்டேட் ஊர், செட் இறந்த தேதி, புயல் அடிச்ச தேதி. வெயர் வரியை எழுதாமலே தட்டிட்டா.

அறுநூத்திப் பன்னிரண்டு வரி மாறியதுன்னு திரையில வந்துச்சாம்.

கீழ நாங்க செத்துப்போனோம். அது ஒண்ணும் வலிக்கல. வேர்த்துக்கிட்டு இருந்த கழுத்து காஞ்சுபோச்சு, நெஞ்சுல கையை வச்சுப் பாத்தேன், சத்தமில்லை. தொபியாஸ் கொதிக்கிற டீயைக் கையில ஊத்திக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தான். வீட்டுக்குள்ள இருந்தவங்க ஒவ்வொருத்தரா வெளிய வந்து, பழக்கதோஷத்துல பேர் வரிசைப்படி வாசல்ல நின்னாங்க. ஜெனோபா வந்தா, பிள்ளை பால் குடிக்கிறதை விட்டுட்டு சும்மா கிடக்குதுன்னா, பிள்ளை கண்ணைத் திறந்துக்கிட்டு வானத்தைப் பாத்துச்சு. என் பக்கத்துல என் தம்பி நின்னுக்கிட்டிருந்தான். நீலப் பனியன், தலையிலேருந்து தண்ணி சொட்டுது, கன்னத்துல கிராம்பு.

"அக்கா, கொஞ்சம் உக்காந்துக்கிடவா?" அதுதான் அவன் முதல்ல கேட்டது.

மீன் பெட்டி ஒண்ணைக் கவுத்துப் போட்டேன். உக்காந்தான். எட்டு மாசம் நின்னவன் உக்காருறதைப் பாக்கணுமே, அப்படி ஒரு பெருமூச்சு. பிரகாசி படியில தடுமாறிக்கிட்டு இறங்கி வந்தா, வந்து, தொடாம, அவன் தலையைத் துவட்டச் சேலைத் தலைப்பை மட்டும் நீட்டினா. ஆன்சி பள்ளிக்கூடத்துலேருந்து ஓடிவந்து அவன் மடியில ஏறிக்கிட்டா. அவன் பிள்ளை கையைப் பிடிச்சான். ரெண்டு கையும் ஒரே குளிரா இருந்திருக்கும்போல, அவன் மூஞ்சி மாறிருச்சு.

"பிள்ளை கை ஏன் இப்படி இருக்கு?" பிரகாசியைப் பாத்துக் கேட்டான்.

நான் சொன்னேன், விட்டுரு தம்பி, இப்படியே இருந்துட்டுப் போவோம்னு. நிசமாத்தான் சொன்னேன். யாருக்கும் பசி இல்லை, வலி இல்லை, எல்லாரும் இருக்கோம், இதுக்கு மேல என்ன வேணும்.

கொஞ்ச நேரம், ஒரு டீ குடிக்கிற நேரம், அவங்க மூணு பேரும் அந்த மீன் பெட்டியில நெருக்கி உக்காந்திருந்தாங்க. அப்புறம் பிரகாசி எந்திரிச்சு மாடிப்படிக்கு வந்தா. எனக்குப் புரிஞ்சுபோச்சு, ஓடிப்போய் படியில குறுக்க நின்னேன்.

"போகாதட்டி. உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன். கமிட் போடாட்டாலும் பரவாயில்லை, அப்படியே விட்டுரு."

அவ என்னைத் தள்ளல. சத்தமும் போடல.

"மதினி, ஆன்சிக்குப் பசிக்கலையாம்."

அவ்வளவுதான் சொன்னா. பள்ளிக்கூடம் விட்டு வந்தா பையைக்கூட இறக்காம சட்டியைத் திறந்து பாக்கிற பிள்ளை அது. நான் படியிலேருந்து விலகி, அவ பின்னாலேயே மேல போனேன்.

மேல லோசனி மிஸ் மட்டும் வேர்த்து நடுங்கிக்கிட்டு இருந்துச்சு, அது ஊர் அட்டவணையில இல்லாத பிள்ளை. பிரகாசி உக்காந்து ரோல்பேக்னு அடிச்சா. கீழ முதல்ல ஜெனோபா பிள்ளை வீறிட்டு அழுதுச்சு. அப்புறம் தொபியாஸ் கையைச் சுட்டுக்கிட்டதுக்குக் கெட்ட வார்த்தை பேசினான். என் நெஞ்சுக்குள்ள அடிக்க ஆரம்பிச்சுது, அது அடிச்சது எனக்குப் பிடிக்கல. சன்னல் வழியாப் பாத்தேன். மீன் பெட்டியில ஆன்சி தனியா உக்காந்திருந்தா, பக்கத்துல குழியில தண்ணி நடுங்கிக்கிட்டு இருந்துச்சு.

பிரகாசி திரும்பவும் கீபோர்டை இழுத்தா. வேர்வையும் கண்ணீரும் சேந்து வடியுது, துடைக்கல.

"நான் அடிக்கிறேன் பிரகாசி," நானே சொன்னேன்.

"வேண்டாம் மதினி."

"எந்தத் தேதிக்கா?" மிஸ் கேட்டுச்சு. "புயல் மூணு நாளு அடிச்சுச்சாமே."

"முத நாள் போடுறேன் மிஸ். மூணு நாள் தண்ணியில கிடந்திருக்க வேண்டாம் அவுக."

அப்புறம் வெயர் அடிச்சா. பேரு அடிச்சா. ஒரு எழுத்தைத் தேடி, தட்டி, அடுத்த எழுத்தைத் தேடி, ஒவ்வொண்ணையும் வாய்விட்டுச் சொல்லி அடிச்சா, சூ, சை, மி, க், கே, ல். பதிமூணு வருஷம் வாயில அடைச்சு வச்சிருந்த பேரை முத தடவையா எழுதினா, எழுதி முடிச்சதும் ஒரு தடவை முழுசாச் சொல்லிப் பாத்தா. ஒரு வரி மாறியதுன்னு வந்துச்சு. கமிட்னு அடிச்சா. கீழ குழியில நின்ன தண்ணியை மணல் உறிஞ்சிருச்சு, மேல் மணல் வெளுத்து, காத்துல பறக்க ஆரம்பிச்சுது.

அடுத்த ஞாயித்துக்கிழமை ஸ்டார் போட்டு ஊரை எடுத்தப்போ சூசைநாதனும் சூசைராஜும் தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நின்னாங்க. சாமியார் பூசை வச்சாரு, சிலுவை நட்டோம், வருஷக் கடைசியில பேரை வேற புத்தகத்துக்கு மாத்திட்டாங்க. பிரகாசிக்கு மீன் கம்பெனியில வேலை கிடைச்சுது, நான் பழையபடி கூடையைத் தூக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு. பிரகாசி இப்ப நாள் முழுக்க அந்தப் பேரைச் சொல்றா. சோறு வடிக்கும்போது சொல்றா, துணி காயப்போடும்போது சொல்றா, ஆன்சிக்குத் தலை சீவும்போது சொல்றா. ஒரு நாள் பொறுக்கமாட்டாம, வாயை மூடுட்டின்னு கத்திட்டேன். அவ சீப்பை வச்சுட்டு என்னைப் பாத்தா.

"இருக்கும்போதுதானே மதினி சொல்லக்கூடாது. இனிமே சொன்னா என்ன குறையப்போகுது?"

நான் எந்திரிச்சு வந்துட்டேன். அந்தப் பேரை இப்ப நான்தான் சொல்றதில்லை. இன்னைக்கு உங்ககிட்டச் சொன்னதோட சரி.